மண்டபத்தில் ஊர்ந்த கறுப்புப் பட்டைகள்: தோட்டப்புறத்தில் காணொலி எடுக்கத் தொடங்குவோருக்கு

நான் முதன்முதலில் பொறுப்பேற்றுப் பதிவு செய்த நிகழ்ச்சி, மலேசியாவின் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நடந்த அறுபதாம் கல்யாணம். கேமராவைத் தானியங்கி முறையில் விட்டுவிட்டு, ஆள்களை மட்டும் பார்த்துக்கொண்டு மூன்று மணி நேரம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தபோது, மாலை மாற்றிக்கொள்ளும் தம்பதியின் முகங்களின்மேல் மங்கலான கறுப்புப் பட்டைகள் கீழிருந்து மேலாக ஊர்ந்துகொண்டே இருந்தன. கேமராவில் பழுது இல்லை; மெமரி கார்டிலும் பழுது இல்லை. நம் ஊர் மின்சாரம் எப்படிப்பட்டது என்று கேமராவுக்குத் தெரியவில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டிய எனக்கும் அப்போது தெரியவில்லை.

தானியங்கி அமைப்புகள் ஏதோ ஒரு சராசரி வெளிச்சத்தையும் சராசரித் தோல் நிறத்தையும் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டவை. செம்பனை (எண்ணெய்ப் பனை) நிழல், தகரக் கூரைக்குக் கீழே உள்ள திண்ணை, விடியற்காலைப் பால்மரக்காடு (ரப்பர்க்காடு), கற்பூர ஆரத்தி ஆகிய எதுவும் அந்தச் சராசரிக்குள் அடங்குவதில்லை. ஆகவே தோட்டப்புறத்தில் படம் எடுக்க விரும்புபவர், ஒவ்வோர் அமைப்பையும் தம் கையால் வைத்துப் பூட்டப் பழகிக்கொள்ள வேண்டும். பூட்டும் வரிசையும் முக்கியம்: முதலில் ஃபிரேம் வேகம் (விநாடிக்கு எத்தனை படம்), அதையொட்டி ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் புகும் நேரம்), பிறகு ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்ற அளவு), பிறகு அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு), எல்லாம் முடிந்த பிறகே ஐஎஸ்ஓ (உள்ளே வந்த வெளிச்சத்தைக் கேமரா கூட்டிக் காட்டும் அளவு).

ஷட்டரும் நம் ஊர் மின்சாரமும்

மலேசியாவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னோட்டம் இரண்டு முறை உச்சத்தைத் தொடுவதால், பழைய வகை டியூப் லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. இது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் 1/50 விநாடி திறந்திருந்தால் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக இரண்டு துடிப்புகளை வாங்கிக்கொள்கிறது. 1/100 என்றால் சரியாக ஒரு துடிப்பை. 1/60 வைத்தால் ஒன்றரைக்குச் சற்றுக் கூடுதலான துடிப்பு உள்ளே வருகிறது, மீதி வெளியே நின்றுவிடுகிறது. அதனால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும், ஒரே ஃபிரேமின் மேல்வரிக்கும் கீழ்வரிக்கும் வெளிச்சம் மாறிப்போகிறது. அந்த மாற்றந்தான் பட்டையாக ஊர்கிறது. அமெரிக்காவிலும் தென்கொரியாவிலும் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால், அங்கிருந்து வரும் யூடியூப் பாடங்களில் 1/60 வைக்கச் சொல்வது அவர்களுக்குச் சரி. அதை அப்படியே நம் மண்டபத்துக்குக் கொண்டு வந்தால் என் அறுபதாம் கல்யாணக் கதைதான் நடக்கும்.

ஃபிரேம் வேகத்தை 25 என்று வைத்து ஷட்டரை 1/50 என்று வைப்பது நம் நாட்டுக்குப் பொருத்தமான தொடக்கம். ஒரு ஃபிரேமுக்கு உரிய நேரத்தில் பாதி மட்டும் ஷட்டர் திறந்திருந்தால், வீசும் கையும் ஓடும் காலும் கண்ணுக்குப் பழகிய அளவில் கலங்கித் தெரியும். திரைப்படக் கேமராக்களின் சுழலும் ஷட்டர் அரைவட்டமாக இருந்த காலத்திலிருந்து வரும் பழக்கம் இது. யாராவது 24 ஃபிரேம்தான் வேண்டும் என்று கேட்டாலும் 30 கேட்டாலும் கொடுங்கள், ஆனால் விளக்கு எரியும் இடத்தில் ஷட்டரை 1/50 என்பதிலிருந்து நகர்த்தாதீர்கள். 50 ஃபிரேமில் எடுத்துப் பாதி வேகத்தில் ஓடவிட வேண்டுமானால் 1/100 வைக்கலாம். அதற்கு மேற்பட்ட மெதுவோட்டத்தைச் சூரிய வெளிச்சத்துக்கு விட்டுவிடுவது நல்லது. 100, 120 ஃபிரேம்களுக்கு ஏற்ற ஷட்டர் வேகம் 1/200 விநாடியை எட்டிவிடுவதால், டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்த மெதுவோட்டக் காட்சி பெரும்பாலும் துடித்துக்கொண்டுதான் இருக்கும்.

கைப்பேசியில் எடுப்பவர்கள் ஐபோனில் அமைப்புகளுக்குள் கேமரா, காணொலிப் பதிவு என்று போய், பால் வடிவங்களைக் காட்டும் பொத்தானைத் திறந்தால் 25 ஃபிரேம் பட்டியலில் வந்து சேரும். (பால் என்பது இங்கே ரப்பர்ப் பால் அன்று, பழைய தொலைக்காட்சி முறையின் பெயர், எங்கள் ஊரில் இதைச் சொல்லி ஒவ்வொரு முறையும் ஒருவராவது சிரிக்கிறார்.) ஷட்டரையும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டுவதற்குப் பிளாக்மேஜிக் கேமரா என்னும் இலவசச் செயலி ஐபோனிலும் ஆண்டிராய்டு கைப்பேசிகள் பலவற்றிலும் கிடைக்கிறது. கைப்பேசி விற்றுக் கேமரா வாங்குவதைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.

வெயில்

ஷட்டரை 1/50 என்று பூட்டியவுடன் அடுத்த சிக்கல் வாசலிலேயே நிற்கும். பளிச்சென்ற வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100 என்றால் அபர்ச்சர் எஃப் 16 என்பது புகைப்படக்காரர்களின் பழைய வாய்பாடு. நம் ஷட்டர் 1/50 என்பதால் எஃப் 22 வரை மூட வேண்டியிருக்கும் (எஃப் எண் கூடக் கூடத் திறப்பு சிறுக்கும்). அவ்வளவு மூடினால் படத்தின் கூர்மை குறையும், பின்னணியில் உள்ள தகரக் கொட்டகை முகத்தோடு போட்டி போடும். எஃப் 2.8 வேண்டுமென்றால் 22, 16, 11, 8, 5.6, 4, 2.8 என ஆறு படி திறக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் இரட்டிப்பாவதால் மொத்தம் 64 மடங்கு. அந்த 64 மடங்கையும் லென்ஸுக்கு முன்னாலேயே தடுத்து நிறுத்தும் கறுப்புக் கண்ணாடிக்குத்தான் என்டி 64 என்று பெயர். முதலில் வாங்க வேண்டியது எது என்று கேட்பவர்களுக்கு இரண்டாவது லென்ஸைச் சொல்லாமல் இதையே சொல்கிறேன். சுழற்றிக் கூட்டிக் குறைக்கும் வகையும் உண்டு; அகலக் கோண லென்ஸில் அதை முழு அளவுக்குத் திருகினால் வானத்தில் பெருக்கல் குறி போல ஒரு கறுப்பு நிழல் விழும் என்பதால், கடைசி அளவுக்கு முன்பே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நேரத்தையும் கணக்கிட வேண்டும். 1982 முதல் நம் கடிகாரம் உலக நேரத்துக்கு எட்டு மணி முன்னால் ஓடுகிறது. ஆனால் தீபகற்பம் அந்த நேரக்கோட்டுக்கு வெகு மேற்கே இருப்பதால், சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அன்று, ஒரு மணிக்கும் ஒன்றரை மணிக்கும் இடையில். அந்த நேரத்தில் எடுத்த முகத்தில் கண்குழிகள் இரண்டும் கறுத்துக் கிடக்கும். பதினொரு மணி முதல் மூன்றரை வரை வெளிப்புறத்தில் நேர்காணல் எடுக்காதீர்கள் என்பது என் பிடிவாதம். அந்த நேரத்தில் சாப்பிடலாம், ஒலி பதியலாம், கைகளையும் கருவிகளையும் நிழலில் வைத்து எடுக்கலாம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் மாலை வெளிச்சம் நம்மிடம் நின்று பேசுவதில்லை. சூரியன் மறைந்த பிறகு வானம் நீலமாக இருப்பது இருபது நிமிடம்தான். அதற்குள் எடுத்து முடிக்க வேண்டிய மூன்று காட்சிகளை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பவருக்கே அது பயன்படும்.

முகம்

கேமராவின் ஒளிமானி, தன் முன்னால் உள்ள எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதி அளக்கிறது. வெள்ளைச் சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் வெள்ளை வேட்டியோடு ஒரு பெரியவர் நின்றால், இவ்வளவு வெள்ளையா என்று மிரண்டு முழுப் படத்தையும் இருட்டாக்கும். அவருடைய கறுத்த முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும் மிஞ்சும். கேமராவில், குறித்த வெளிச்ச அளவைத் தொட்ட இடங்களில் வரிக்குதிரைக் கோடு காட்டும் ஸீப்ரா வசதி இருந்தால், பாடங்கள் சொல்லும் 70 விழுக்காடு வெளுத்த தோலுக்கு உரியது என்பதை நினைவில் வையுங்கள். நம்மவர் முகத்தில் வெளிச்சம் படும் பக்கம் 45 முதல் 55 வரை இருந்தாலே இயல்பாகத் தெரியும். 70க்கு ஏற்றினால் ஆள் சாம்பல் பூசிக்கொண்டது போல ஆகிவிடுவார். முகத்துக்கு அளந்து வைத்துவிட்டு, பிறகு வேட்டி வெளுத்துப் போகிறதா என்று பாருங்கள். போனால் ஆளை நகர்த்துங்கள், அளவை நகர்த்தாதீர்கள்.

எங்கே நகர்த்துவது? லயத்து வீட்டுத் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுத்) திண்ணையில், கூரையின் நிழல்கோட்டுக்கு இரண்டடி உள்ளே, முற்றத்தைப் பார்த்தபடி உட்கார வைக்க வேண்டும். வெயில் நேரே படாது. ஆனால் முற்றத்து மண்ணிலிருந்து எழும்பும் வெளிச்சம் அகலமாக வந்து முகத்தில் படியும். கறுத்த தோலுக்கு இதுவே பெரிய பாக்கியம், ஏனென்றால் அந்தத் தோல் வெளிச்சத்தை வாங்கிப் பளபளப்பாகத் திருப்பித் தருகிறது. கன்ன எலும்பு, நெற்றிச் சுருக்கம், மூக்கின் ஓரம் எல்லாம் அந்தப் பளபளப்பில்தான் உருவம் பெறுகின்றன. பவுடர் பூசி அதை அடக்கிவிடாதீர்கள். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் தேவையானால் சந்தையில் மீன் அடைத்து வரும் வெள்ளைப் பெட்டியின் மூடியைக் கழுவி எடுத்து வந்து, அவருடைய முழங்காலுக்கு முன்னால் சாய்த்து வையுங்கள். கண்ணுக்குள் ஒரு சிறிய வெள்ளைப் புள்ளி விழும். அது விழுந்தால் முகம் உயிரோடு இருக்கும்.

பின்னணி மங்க வேண்டும் என்ற ஆசையில் அபர்ச்சரை முழுவதும் திறந்துவிடுவது தொடங்குபவர்களின் பொதுவான தவறு. ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவுச் சென்சார் கொண்ட கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸைப் போட்டு, எஃப் 1.8 வைத்து, ஒன்றரை மீட்டர் தூரத்தில் ஒருவரை உட்கார வைத்தால், தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர்தான். மூக்கு நுனி தெளிந்தால் காது கலங்கும். பாட்டி சிரித்துக்கொண்டு சற்று முன்னால் சாய்ந்தால் கண்ணே கலங்கிப்போகும். எஃப் 4 என்றால் அந்த ஆழம் இரட்டிப்புக்கும் மேலாகிறது, பின்னணியும் போதிய அளவு மங்கலாகவே இருக்கிறது. முகத்தைத் தொடரும் தானியங்கி ஃபோகஸ் நல்ல கேமராக்களில் நம்பத்தக்கதுதான். ஆனால் பின்னால் நடந்து போகும் பேரனின் முகத்துக்கு அது தாவுவதைப் பார்த்த பிறகு, நேர்காணலில் நான் கையால் ஃபோகஸ் செய்து, விளிம்புகளை நிறமிட்டுக் காட்டும் பீக்கிங் வசதியை வைத்துச் சரிபார்க்கிறேன்.

ஒயிட் பேலன்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவு, ஆனால் அலட்சியம் செய்யக் கூடாது. வெயிலுக்கு 5600 கெல்வின், மேகமூட்டத்துக்கும் நிழலுக்கும் 6500 முதல் 7500, மஞ்சள் குண்டு பல்புக்கு 3200 என்று எண்ணாகவே வைத்துப் பூட்டுங்கள். தானாக மாற விட்டால், பேசிக்கொண்டிருக்கும்போதே மேகம் வந்து சுவரின் நிறம் மாறும். அதை எடிட்டிங்கில் சரி செய்ய ஓர் இரவு போதாது. கோயிலில் டியூப் லைட்டும் குத்துவிளக்கும் கலந்திருந்தால் 4000 வைத்துவிட்டு விளக்கின் சுடர் மஞ்சளாகத் தெரியட்டும் என்று விட்டுவிடலாம். சுடர் மஞ்சளாக இருப்பதுதானே இயல்பு.

பால்மரக்காட்டில் ஒரு காலை

எங்கள் பக்கம் பால்மரங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு இடம் விட்டுவிட்டன. சிறு நிலக்காரர்களிடம் மட்டும் சில நிரைகள் மிஞ்சியிருக்கின்றன. அப்படி ஒரு காட்டில் பால் வெட்டும் ஓர் அம்மாவை எடுக்கப் போனபோது, வெளிச்சம் வரட்டும், கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டேன். "தம்பி, மரம் ஒனக்காகப் பொறுக்காது. வெயில் ஏறுனா பாலு நின்னு போயிடும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். ஒரு மரத்துக்கு அரை நிமிடம்கூட அவர் நிற்பதில்லை. ஆகவே வேலையை நிறுத்தாமல், வேலையின் வேகத்துக்குக் கேமராவைத் தயார் செய்வது எப்படி என்பதே அன்றைய பாடமாக இருந்தது.

அவருடைய தலையில் கட்டிய எல்இடி விளக்கு ஒன்றுதான் வெளிச்சம். ஷட்டர் 1/50, அபர்ச்சர் எஃப் 1.8, ஐஎஸ்ஓ 3200. விளக்கு பேட்டரியில் ஓடுவதால் மின்சாரத் துடிப்பு இல்லை. ஆனால் சில விளக்குகளில் வெளிச்சத்தைக் குறைத்தால் துடிப்பு வந்துவிடும் என்பதால் முழு வெளிச்சத்தில் வைக்கச் சொன்னேன். சுற்றியுள்ள காடு கறுப்பாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். ஐஎஸ்ஓவை 12800க்கு ஏற்றி மரங்களையெல்லாம் காட்ட முயன்றால் கறுப்பு முழுவதும் மணல் தூவியது போல ஆகும், விடியற்காலை என்பதும் தெரியாமல் போகும்.

அவர் ஒரு மரத்தில் இருக்கும்போதே நான் அடுத்த மரத்துக்குப் போய்விடுவேன். பழைய வெட்டுக்கோடு சாய்ந்து இறங்கி முடியும் இடத்தில், பால் விழும் மங்குக்கு (கிண்ணத்துக்கு) மேலே, என் டார்ச்சை அடித்து ஃபோகஸைக் கையால் வைத்துப் பூட்டுவேன். அவர் வந்து கத்தியை மேல்முனையில் வைத்து இழுக்கும்போது முதல் இரண்டு விநாடி கத்தி கலங்கலாகவே இருக்கும். பட்டையின் மெல்லிய சீவல் சுருண்டு விழ விழ அது தெளிவுக்குள் இறங்கி வரும். கத்தி வெளியேறிய பிறகு கேமராவை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். வெட்டில் முதலில் பொட்டுப் பொட்டாக வெள்ளை துளிர்க்கும், பிறகு பொட்டுகள் சேர்ந்து கோடாகும், கோடு சரிந்து வந்து மங்கில் சொட்டும். கத்தி போனவுடன் நிறுத்து பொத்தானை அழுத்துகிறவர் இதை இழந்துவிடுவார். நான் முதல் நான்கு மரங்களில் இழந்தேன். ஒரு காட்சி முடிந்தது என்று தோன்றிய பிறகு மனத்துக்குள் பத்து வரை எண்ணிவிட்டு நிறுத்துவது அன்று வந்த பழக்கம்.

ஏழு மணியை நெருங்கும்போது வானத்தில் நீலம் ஏறும். அப்போது ஐஎஸ்ஓவை 1600க்கும் 800க்கும் படிப்படியாக இறக்க வேண்டும், ஒயிட் பேலன்ஸை மட்டும் தொடக்கூடாது. ஆண்டின் தொடக்க மாதங்களில் பால்மரம் இலை உதிர்க்கும் காலத்தில் போனால் அதே காட்டில் இதைவிடக் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும். ஆனால் இலை உதிரும்போது பால் வெட்டு குறையும் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

செம்பனைக்காடு வேறு வகைச் சிக்கல். ஓலை இடுக்குகளில் விழும் வெயில் திட்டுகளுக்கும் நிழலுக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு மிகப் பெரியது; எந்தக் கேமராவாலும் இரண்டையும் அழகாகக் காட்ட முடியாது. குலை வெட்டுபவரின் முகத்துக்கு அளந்து, திட்டுகள் வெளுத்துப் போனால் போகட்டும் என்று விடுவதே வழி. பச்சை ஓலைகளில் வடிகட்டி வரும் வெளிச்சம் தோலையும் பச்சையாக்கும் என்பதால், ஒயிட் பேலன்ஸ் பக்கத்திலேயே இருக்கும் டின்ட் அளவைச் சற்று இளஞ்சிவப்புப் பக்கம் நகர்த்த வேண்டும். மரங்களை ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுவது வழக்கம். ஆகவே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு நேர்நிரை கண்ணில் படும். அந்த நிரையின் முனையில் நின்று 85 மில்லிமீட்டர் லென்ஸில் பார்த்தால் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கோயில் தூண்கள் போல நிற்கும். தோட்டத்துக்குள் போவதற்கு நிர்வாகியிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்பதையும், நீண்ட கம்பில் கட்டிய அரிவாள் வேலை செய்யும் இடத்தில் குலை விழும் பக்கம் நிற்கவே கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அசைவும் மற்றவையும்

இடமிருந்து வலமாகக் கேமராவைத் திருப்பும்போது, ஒரு மரம் திரையின் ஒரு விளிம்பில் நுழைந்து மறு விளிம்பில் வெளியேற ஏழு விநாடியாவது ஆக வேண்டும். அதைவிட வேகமாகத் திருப்பினால் 25 ஃபிரேமில் மரங்கள் வெட்டி வெட்டி நகரும். முக்காலி இல்லையென்றால் ஒரு கயிறு போதும். கேமராவின் அடியில் உள்ள துளைக்குப் பொருந்தும் கால் அங்குலத் திருகு வன்பொருள் கடைகளில் கிடைக்கும். அதில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு கேமராவை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் கை நடுக்கம் பாதிக்குமேல் அடங்கிவிடும். முக்காலியில் வைத்தால் கேமராவின் நடுக்கத் தடுப்பை அணைத்துவிடுங்கள். இல்லாத நடுக்கத்தைத் தேடி அது படத்தை மெல்ல நகர்த்தும்.

வெளிச்ச வேறுபாட்டை அடக்கி வெளிறிய படமாகப் பதியும் லாக் முறையில் எடுத்தால்தான் சினிமா போல வரும் என்று பலர் நம்புகிறார்கள். கேமரா 8 பிட்டில் பதிந்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 சாயல்கள் மட்டுமே உண்டு. அதை லாக்கில் அடக்கிவைத்துப் பிறகு இழுத்து விரித்தால் மாலை வானம் படிக்கட்டு படிக்கட்டாகப் பிளக்கும். 10 பிட், அதாவது 1024 சாயல்கள் பதியும் கேமரா கைக்கு வரும்வரை சாதாரண முறையிலேயே எடுங்கள். கார்டு கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள்: விநாடிக்கு 100 மெகாபிட் என்ற அளவில் 4கே பதிந்தால் நிமிடத்துக்கு 750 மெகாபைட் போகும், 64 ஜிகாபைட் கார்டு ஒன்றரை மணி நேரத்தைக்கூட எட்டாது. திருமணத்துக்குப் போகிறவர்கள் இதைத் தாலி கட்டும் நேரத்தில் தெரிந்துகொள்ளக் கூடாது.

ஒலிக்குச் சட்டையில் குத்தும் சிறிய மைக் ஒன்று வாங்கி, பேச்சின் உச்சம் கழித்தல் 12 டெசிபலைத் தொடும்படி வைத்தால் போதும். தகரக் கூரையில் மழை பிடித்துவிட்டால் எந்த மைக்காலும் பயனில்லை. எங்கள் பக்கம் மாலை மழை வழக்கம் என்பதால் நேர்காணல்களைக் காலையிலேயே முடித்துவிடுகிறேன்.

கடைசியாக ஈரம். குளிர்சாதன அறையிலிருந்தோ காரிலிருந்தோ கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் உடனே பனிமூடிக்கொள்ளும். அதைத் துணியால் துடைக்காமல், பையின் ஸிப்பைத் திறக்காமலே அரை மணி நேரம் வெளியில் வைத்திருந்து, உள்ளே உள்ள கருவி வெளிவெப்பத்துக்கு வந்த பிறகு எடுக்க வேண்டும். வீட்டில் அலமாரியில் துணிகளோடு வைத்த லென்ஸில் சிலந்திவலை போலப் பூஞ்சணம் படரும். காற்றுப் புகாத மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கி, சிலிக்கா ஜெல் பைகளையும் ஒரு சிறிய ஈரமானியையும் உள்ளே போட்டு, முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். முள் 60ஐத் தாண்டினால் சிலிக்கா ஜெல்லை மாற்றும் நேரம் வந்துவிட்டது.